பன்னிரண்டு பேர் இறங்கும் நேரம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மலையடிவாரத்தில், முந்தல் டீக்கடையில் ஒரு தடவை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் சேவுகன், "அப்ப ஆயில் கூலரே வேண்டாங்கிறியா?" என்று எழுந்துபோய், தன் வண்டியில் இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டான். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவனை மறுபடி மாட்டவைப்பதற்குள் எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

அதனால் நடந்ததை நடந்த வரிசையில் மட்டும் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சேர்த்துச் சொல்லத் தெரியாது. ஆனால் நடந்தது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வண்டியை ஓட்டியவள் நான்தான்.

என் பெயர் ஒச்சம்மா. போடியிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் பார்வை மங்கிய பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. அதற்கு முன் மூன்று வருஷம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வடை சுட்டு விற்றேன்.

காலையில் ஏற்றம். சாயங்காலம் இறக்கம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டு பெண்கள்.

கிளம்பும் முன் ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லிக் கூப்பிடுவேன். யாரையாவது விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று பயம்.

"வீரமணி?"

"உள்ளேன் டீச்சர்!"

"ராக்கு?"

"உள்ளேன் டீச்சர்!"

கேலிதான். நான் விடமாட்டேன். பன்னிரண்டையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் கியர் போடுவேன்.

போன வருஷம் பதினோராவது வளைவில் வண்டி இழுக்கவில்லை.

மிதித்தேன். சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரே கறுப்புப் புகை. புகைக்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறது. பிரேக்கை மிதித்தும் வண்டி இரண்டடி பின்னால் நழுவியது.

பின்கதவிலிருந்து சின்னக்கொடி குதித்தாள். முட்டி வலிக்காரி, ஐம்பத்தைந்து வயது, எப்போதும் கடைசியாக இறங்குகிறவள். எப்படிக் குதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ரோட்டோரம் கிடந்த கல்லை இழுத்துச் சக்கரத்துக்குக் கொடுத்தாள்.

வண்டி நின்றது.

"ஏத்தா ஒச்சம்மா, இந்தக் கல்லை வண்டியிலயே போட்டு வை. அடுத்த தடவை கிடைக்குதோ இல்லையோ" என்றாள்.

போட்டு வைத்தேன்.

டர்போ போய்விட்டது என்றார்கள். எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கிற சின்னச் சக்கரம் அது. புகை தள்ளுகிற வேகத்தில் சுற்றும். எண்ணெயில் மிதந்துகொண்டே சுற்றும். வேறு ஊர்ப் பட்டறையில் புதிதாக ஒன்று மாட்டித் தந்தார்கள்.

நாலே மாதம். புதியதும் விசில் அடிக்க ஆரம்பித்தது.

அந்த விசில் எனக்குத்தான் முதலில் கேட்டது. பிறகு பன்னிரண்டு பேருக்கும் கேட்டது. பதினோராவது வளைவு வந்தால் ஜீப்புக்குள் பேச்சு நின்றுவிடும்.

போடியில் சிக்கந்தர் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். அவனிடம் கேள்வியோடு போனால் பதில் வராது, வேலைதான் வரும் என்பார்கள்.

போனேன்.

"தம்பி, சூடு."

"யாருக்கு?"

"வண்டிக்கு. எனக்குப் பயம்."

"எவ்வளவு சூடு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டினான். ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர். என் நெற்றியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"ஒரு பொட்டு குடுங்க."

பர்ஸில் இருந்த அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக் கொடுத்தேன். மீட்டர் கண்ணாடியில் ஓரிடத்தில் ஒட்டினான்.

"முள்ளு இதைத் தாண்டுதான்னு மூணு நாள் பாருங்க."

மூன்று நாளும் தாண்டியது. எட்டாவது வளைவிலேயே தாண்டியது.

நான்காம் நாள் ஒரு ஆயில் கூலரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனேன். எஞ்சின் ஆயிலைக் குளிரவைக்கிற பெட்டி, பழைய லாரியிலிருந்து கழற்றியது.

"என்னக்கா இது?"

"கூலர். மாட்டு."

அதை வாங்கி என் ஜீப்பின் முன்னால் தூக்கிப் பிடித்தான். ஜீப்பின் முன்பக்கம் முழுக்க மறைந்துவிட்டது.

"வண்டிக்கு மூஞ்சி வேண்டாமா?"

"மூஞ்சி எதுக்கு? பன்னண்டு உயிரு இருக்கு உள்ள. பெருசா இருந்தா நல்லாக் குளுரும்ல?"

அவன் ஒரு டப்பாவில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை ஊற்றினான். எதிரில் இருந்த சர்பத் கடைக்குப் போய் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு வந்தான்.

"நாளைக்கு வாங்க."

மறுநாள் அந்த டப்பாவைக் கவிழ்த்தான். ஆயில் விழவில்லை. விளிம்பில் தொங்கியது. காய்ச்சி ஆறவைத்த கருப்பட்டிப் பாகு மாதிரி யோசித்து யோசித்து இறங்கியது.

"மார்கழிக் காலையில, முதல் வளைவுல, டர்போவுக்கு இதையா குடுப்பீங்க?"

நான் லாரிக் கூலரைத் திரும்ப இடுப்பில் எடுத்துக்கொண்டேன்.

அவன் சின்னக் கூலர் ஒன்றை முன்னால் காற்றுப் படுகிற இடத்தில் மாட்டினான். குழாய்களுக்கு நடுவில் ஒரு குமிழ் இருந்தது.

"அது என்ன?"

"வால்வு. ஆயில் சுடுற வரைக்கும் கூலருக்கு வழி விடாது."

"வழி விடாட்டி அப்புறம் கூலர் எதுக்கு?"

அவன் நட்டை முறுக்கினான். அதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து முள் பொட்டைத் தாண்டவில்லை. எட்டாவது வளைவில் தாண்டவில்லை. பதினோராவதில் தாண்டவில்லை. பதினேழாவதில் பொட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

இரண்டு வாரம்.

விசில் நிற்கவில்லை. கூடியது.

"சிக்கந்தரு கூலருக்கு ஊதல் சேத்து மாட்டியிருக்கான் போல" என்றாள் சின்னக்கொடி. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காலடியில் கிடந்த கல்லைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவனிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"நீ மாட்டுன கூலரு சரியில்ல!"

"முள்ளு?"

"பொட்டைத் தாண்டல."

"விசில்?"

"நிக்கல. கூடுது. இன்னொரு தடவை அந்த வளைவுல நின்னா நான் என்ன செய்வேன்? அவுக பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"பழைய டர்போ எங்க?"

"எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில. சாக்குல கட்டி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"பயம். தூக்கிப் போட்டா நாளைக்குத் தேவைப்பட்டா?"

"நல்ல பயம்" என்றான். "கொண்டாங்க."

கொண்டுபோனேன். அதிலிருந்து விரல் தடிமன் குழாய் ஒன்றைக் கழற்றினான். டர்போவுக்கு எண்ணெய் போகிற குழாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் வெயிலைப் பார்த்தான். செய்தித்தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"என்ன தெரியுது?"

"நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் காலையில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

"பன்னண்டு பொம்பளைக்கு நடுவுல ஒரு ஆம்பளை. இவரு பேரையும் கூப்புடு டீச்சர்" என்றாள் ராக்கு.

கூப்பிட்டேன்.

"சிக்கந்தர்?"

"உள்ளேன் டீச்சர்" என்றான், சிரிக்காமல்.

ஜீப் குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். முந்தல் தாண்டும்வரை சிரிப்பு இருந்தது. பிறகு வளைவுகள் வந்தன.

அவன் என் காலைப் பார்த்தான். கையைப் பார்த்தான். முள்ளைப் பார்த்தான். பதினோராவது வளைவில் விசில் எங்கள் எல்லோர் பல்லிலும் கூசியது. ஏறிவிட்டது. பதினேழாவது வளைவு செங்குத்து. முழு மிதி மிதித்து ஏற்றினேன்.

அந்த வளைவு முடிகிற இடத்தில் மேட்டு முனி கோயில்.

கோயில் என்றால் ஒரு மரம், ஒரு சூலம், ஒரு மணி, ஒரு பூசாரி. ஏறிவருகிற எல்லா ஜீப்பும் அங்கே நிற்கும். நின்ற நொடியில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் வண்டியில் இருக்கிறவர்கள் தரையில் கால் வைக்கலாம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது. நம்மை ஏற்றிவிட்டது முனி. அவர் முன்னால் நம்முடைய சத்தம் எதற்கு? யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. எல்லா டிரைவரும் செய்கிறோம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்தார்.

நான் மற்றவர்களைவிட ஒரு படி மேல். வண்டி மூச்சு வாங்குகிறதே, பாவம், சீக்கிரம் ஓய்வு கொடுப்போம் என்று நிற்பதற்கு முன்பே கை சாவிக்குப் போய்விடும். பதினோராவது வளைவுக்குப் பிறகு அந்தப் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. கோயில், செக்போஸ்ட், டீக்கடை, எங்கே ஏறி நின்றாலும் பட்டென்று அணைத்துவிடுவேன்.

அன்றும் அணைத்தேன்.

முள் சடாரென்று கீழே விழுந்தது.

"பாத்தியா தம்பி? சைபர். நிறுத்துன உடனே ஆறிருச்சு."

அவன் இறங்கினான். பானெட்டைத் திறந்தான். தண்ணீர் பாட்டிலை வாங்கி, விரல் நுனியில் நாலு சொட்டு எடுத்து டர்போவின் மேல் உதறினான்.

தோசைக்கல்லில் தெளித்த மாதிரி உருண்டது. குதித்தது. இல்லாமல் போயிற்று.

"முள்ளு சைபர்ல இருக்கே?" என்றேன்.

"சாவியை மட்டும் போடுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க."

போட்டேன். முள் எழுந்தது. நேராகப் பொட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

எடுத்தேன். விழுந்தது.

போட்டேன். எழுந்தது.

ஆறினதால் விழுந்த முள் இல்லை, சாவியோடு கரண்ட் நின்றதால் விழுந்த முள். இரண்டு வாரமாக நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட சைபர் அது.

"ஆயில் இப்ப எங்க போகுது?" என்றான்.

"எங்கயும் போகல. எஞ்சின்தான் ஓடலையே. நிக்குது."

"கூலருல?"

"அங்கயும் நிக்குது."

"டர்போவுல?"

நான் அந்த நாலு சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான். பிரித்தேன். பழைய குழாய். உள்ளே ஒரு பென்சில் நுழையக்கூட இடம் இல்லை. ஒரு தீக்குச்சிதான் நுழையும். சுற்றிலும் கறுப்பாக, கெட்டியாக, பக்குக் கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மூக்குக்குக் கொண்டுபோனேன்.

இந்த வாசனை எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் தினமும் சாயங்காலம் செங்கல் பொடி போட்டு நான் தேய்த்த வாசனை.

"வடைச் சட்டி" என்றேன்.

"அடுப்பை அணைச்சிட்டு எண்ணெயை வடிக்காம விட்டுட்டா, அடியில இப்படித்தான் தீஞ்சு ஒட்டிக்கும். அடுப்பு அணைஞ்சிருக்கும் தம்பி. சட்டி அணைஞ்சிருக்காது."

நான் குழாயைத் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப... நானா?"

பானெட்டை மெதுவாக மூடினான்.

பூசாரி மணி அடித்தார். பெண்கள் கும்பிட்டார்கள். நான் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"எவ்வளவு நேரம்?" என்றேன். "ஏறி வந்து நின்ன பிறகு, ஆயில் ஓடி டர்போ ஆறுறதுக்குச் சும்மா எவ்வளவு நேரம் ஓட விடணும்?"

அவன் வண்டியின் பின்பக்கம் திரும்பினான்.

எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். சின்னக்கொடி மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கம்பியில். ஒரு கால் படியில். இன்னொரு காலைக் கையால் தூக்கி வெளியே கொண்டுவந்து, தரையைத் தேடி, வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "யப்பா முனி" என்று நிமிர்ந்தாள்.

அவன் அதை முழுதாகப் பார்த்தான்.

"அவ்வளவுதான்" என்றான்.

அன்று சாயங்காலம் டர்போவின் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்தான். ஆயிலை மாற்றினான். டர்போவின் சின்னச் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தான்.

"இன்னும் உயிர் இருக்கு."

"கூலரு?"

"இருக்கட்டும். ஏறும்போது அது வேணும்."

இதைத்தான் சேவுகன் சரியாகக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். ஓட விடலாம். ஆனால் எங்கே ஓட விடுவது? ஏற்றம் முடிகிற இடமே முனியின் வாசல். அவர் முன்னால் இரைச்சல் போட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பயம். அணைக்கவும் பயம். இரண்டு பயத்தையும் இரண்டு பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முனி இருந்தார். இன்னொரு பக்கம் பதினோராவது வளைவு இருந்தது. எனக்கு முனியைப் பல வருஷமாகத் தெரியும்.

மறுநாள் காலை பதினேழாவது வளைவு ஏறினேன். கோயில் முன்னால் நின்றேன். நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன்.

சாவிக்குப் போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்புக்குள் யாரும் அசையவில்லை.

"ஏத்தா, அணைக்கலையா?" என்றாள் சின்னக்கொடி.

"இல்ல மதினி."

மரத்தடியிலிருந்து பூசாரி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஒச்சம்மா, முனி முன்னாடி இப்படி ஒரு இரைச்சலு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் பின்னாலிருந்து வந்தது.

"நீங்க அடிக்கிற உடுக்கையை விடவா சாமி?" என்றாள் சின்னக்கொடி.

பூசாரி விபூதித் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் கண்ணாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"வீரமணி?"

"உள்ளேன் டீச்சர்."

"எறங்கு. கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வை."

இறங்கினாள். வைத்தாள்.

"ராக்கு?"

இறங்கினாள்.

"காமுத்தாய்."

"பெருமாயி."

"அங்கம்மா."

"சிவனம்மா. தூக்குச்சட்டியை மறந்துட்ட பாரு, எடுத்துட்டுப் போ."

"தங்கப்பொண்ணு."

"ஜோதிமணி."

"மொக்கத்தாய்."

"ஈஸ்வரி."

"பவுன்தாய்."

எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. முள் பொட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. விழவில்லை, இறங்கியிருந்தது.

"சின்னக்கொடி மதினி."

ஒரு கை கம்பிக்கு வந்தது. ஒரு கால் படிக்கு வந்தது. இத்தனை வருஷமும் இந்த இடத்தில் நான், "வெரசா எறங்கு மதினி, எல்லாரும் காத்துக் கிடக்காக" என்று கத்துவேன்.

"மெதுவா எறங்கு" என்றேன்.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னத்தா, ஒடம்புக்குச் சொகமில்லையா ஒனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ மெதுவா எறங்கு."

காலைக் கையால் தூக்கினாள். வெளியே கொண்டுவந்தாள். தரையைத் தேடினாள். வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, யப்பா முனி என்று நிமிர்ந்தாள்.

"உள்ளேன் டீச்சர்."

சாவியைத் திருப்பினேன்.